வெள்ளி வாள் எதற்கு?

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர் ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, டைஸ் உருட்டிக் கதைக்குள் ஆடுகிற ஆட்டம். எங்களுடையது 3.5 பதிப்பு விதிகள். போன வாரம் ஓநாய் மனிதன் வந்தான். என் பாத்திரமான ஃபைட்டரின் (போர்வீரனின்) நீள்வாள் ஆறு முறை அவன்மேல் பட்டது. டைஸில் 6, பலத்துக்கு 4, மொத்தம் 10 என்று நான் சொன்னால், “கீறல்கூட இல்லை” என்கிறார் ஆட்டத்தை நடத்தும் நண்பர். வெள்ளி வாள் வேண்டுமாம். அதற்குக் கூடுதலாக 90 பொற்காசு. ஆடுபவரிடம் காசு பிடுங்கத்தானே இந்த விதி? சண்டை அப்படியே பாதியில் நிற்கிறது. வெள்ளி, இரும்பு என்கிற இந்தச் சங்கதியையே தூக்கிவிட்டால் என்ன?

அன்புள்ள தம்பிக்கு,

தூக்க வேண்டாம். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. அது விதியின்மேல் வர வேண்டிய கோபம் அல்ல, அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் சொல்கிற எண்களை வைத்துப் பார்த்தால் அவனுக்கு ‘டேமேஜ் ரிடக்ஷன் 10/வெள்ளி’ இருக்கிறது. வெள்ளி இல்லாத ஆயுதம் ஒவ்வொரு முறை படும்போதும் காயத்தில் 10 கழியும். உங்கள் வாளுக்கு எட்டுமுக டைஸ். 7 விழுந்தால் 1 காயம், 8 விழுந்தால் 2, மற்ற ஆறு முகங்களுக்கும் பூஜ்யம். இதே பலத்தோடு பெரிய இருகை வாள் பிடித்திருந்தால் சராசரி 13 வரும், கழித்தாலும் 3 தேறும். இரண்டு கையிலும் கத்தி வைத்துச் சின்னச் சின்னதாக நாலு குத்து குத்துகிறவருக்கு அதுவும் கிடையாது. ஒவ்வொரு அடியிலும் கழிப்பதால்தான் இப்படி. ஒரே விலங்கு ஒருவருக்குச் சுவராகவும் இன்னொருவருக்கு வேலியாகவும் நிற்கிறது. எனக்கு இந்த விதி பிடிப்பதற்கு அதுவே முதல் காரணம்.

நெருப்பை இது தடுக்காது. ஓதி ஏவுகிற மந்திரத்தையும் தடுக்காது. 20 பொற்காசுக்குக் கிடைக்கிற ரசவாதி நெருப்புக் குப்பியை எறிந்தால் முழுக் காயமும் படும். இதை உங்கள் நண்பர் சொன்னாரா?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் ஆட்டம் நடத்த ஆரம்பித்த புதிதில், காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து ஆடுவோம். கற்சிலைக் காவலன் ஒருவனை நானே உருவாக்கி, அவனுக்கு 10/அடமண்டைன் கொடுத்தேன். அடமண்டைன் என்பது ஆட்டத்தில் வரும் மிகக் கடினமான ஓர் உலோகம். அடமண்டைன் ஆயுதத்துக்குக் கூடுதல் விலை மட்டும் 3000 பொற்காசு. மூன்றாம் நிலையில், அதாவது ஆரம்பக் கட்டத்தில் இருக்கிற ஆட்களிடம் அது எப்படி இருக்கும்? வழியில் ஒரு குறிப்பும் நான் வைக்கவில்லை. இரண்டரை மணி நேரம் டைஸை உருட்டினார்கள். கடைசியில் ஒரு பையன் தன் டைஸை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அடுத்த இரண்டு வாரம் அவன் வரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

நமக்கு இந்த விஷயம் புதிதா என்ன? நமுசி என்ற அசுரனை ஈரமானதாலும் கொல்ல முடியாது, உலர்ந்ததாலும் கொல்ல முடியாது. இந்திரன் நுரையால் கொன்றான். விருத்திரன் என்ற அசுரனைக் கொல்லத் ததீசி முனிவரின் எலும்பிலிருந்து வஜ்ராயுதம் செய்ய வேண்டியிருந்தது. இரணியன் கதை எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதைகளில் வரத்தின் வாசகம் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எதனாலெல்லாம் சாவில்லை என்று அவன் அடுக்கும்போதே, விட்டுப்போனது எது என்று நம் மனம் தேட ஆரம்பித்துவிடும். வரத்தை மறைத்துவிட்டுக் கடைசியில் நரசிம்மரை மட்டும் காட்டினால் அதில் கதையே இல்லை. உங்கள் நண்பர் வரத்தை மறைத்துவிட்டார். என் வருத்தம் அதில்தான்.

சொல்வதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். 3.5-இல் வனதேவதை மாதிரியான உயிர்கள் பலவற்றுக்கு ‘கோல்ட் அயர்ன்’, அதாவது குளிர் இரும்பு, ஆகாது. ஆழத்தில் தோண்டியெடுத்து, குறைந்த சூட்டிலேயே அடித்துச் செய்கிற இரும்பு என்று விதிப்புத்தகம் சொல்லும். சாதாரண ஆயுதத்தைப் போல இரண்டு மடங்கு விலை. எங்கள் ஆட்டத்தில் அந்த உயிர்களை நான் மோகினி ஆக்கினேன். ஊர் எல்லையில் ஒரு பெண், கறிக்குழம்புத் தூக்குவாளியோடு இருட்டில் போகிறாள், வாளி மூடிமேல் ஓர் இரும்பு ஆணி. நான் சொன்னது அவ்வளவுதான். சுற்றி இருந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். ராத்திரி கோட்டையூருக்குக் கறி கொடுத்தனுப்பும்போது எங்கள் அப்பத்தாவும் கரித்துண்டோ ஆணியோ வைக்காமல் விட்டதில்லை. ஆடிக்கொண்டிருந்த நாலு பேர் வீடுகளிலும் அப்படித்தான். அடுத்த கேள்வியே, “இந்த ஊரில் கொல்லன் பட்டறை எங்கே?”

சரி, காசுக்கு வருவோம். 3.5-இல் கத்தி போன்ற சிறிய ஆயுதத்துக்கு வெள்ளி ஏற்ற 20 பொற்காசு, உங்கள் வாளுக்கு 90, இருகை ஆயுதத்துக்கு 180. வெள்ளி வாளால் வெட்டினால் காயத்தில் 1 குறையும் என்றும் உண்டு. கடையில் எண்ணிக் கொடுத்து வாங்கினால் நீங்கள் சொல்வதுபோல அது வெறும் வரிதான். அதனால் என் ஊரில் வெள்ளிக் கடையே வைக்க மாட்டேன். நம் பக்கத்தில் வெள்ளி எங்கே இருக்கும்? கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது பார்த்திருப்பீர்களே, அப்படி வந்த வெள்ளி ஏதோ ஓர் ஆச்சியின் பெட்டகத்தில் இருக்கும். எங்கள் ஆட்டத்தில் ஓநாய் மனிதனைக் கொல்ல வீரர்கள் அப்படி ஓர் ஆச்சியிடம் போய்க் கேட்டார்கள். அவர் வெள்ளிக் கூஜாவை எடுத்து வைத்துவிட்டு, “இது எங்க ஆத்தா கொடுத்தது. உருக்கினா திரும்பி வராது. நெசமாவே இதாலதான் அவன் சாவானா?” என்று கேட்டார். ஃபைட்டரை ஆடியவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “ஒரு அம்பு முனைக்கு மட்டும் போதும் ஆச்சி” என்றார். ஒரே ஓர் அம்பு. அன்றைக்கு டைஸை உருட்டும்போது அந்தப் பட்டாலையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இது எளிதாகிவிட்டது. வெள்ளி பூச எந்த ஆயுதத்துக்கும் ஒரே விலை, 100 பொற்காசு. மந்திர வாள் ஒன்று கிடைத்துவிட்டால் அதுகூட வேண்டாம், ஓநாய் மனிதனை அதுவே வெட்டும். 3.5-இல் மந்திர வாளே ஆனாலும் வெள்ளி இல்லையென்றால் அவனிடம் 10 கழியத்தான் கழியும். ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் ஆயுதமாகக் கட்டித் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது என்று அந்தக் காலத்தில் பலர் சலித்துக்கொண்டது உண்மை. ஆனாலும் எனக்கு அந்தப் பிடிவாதம்தான் பிடிக்கிறது. இதே மாதிரி இன்னோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு, 2019-இல் வந்தது, வேறு வழியில் போயிற்று. அதில் ஓநாய் மனிதனைச் சாதாரண வாளும் வெட்டும், வெள்ளியாக இருந்தால் காயம் 5 கூடும். யாரும் பூஜ்யத்தோடு உட்கார வேண்டியதில்லை. உங்கள் குழுவுக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை என்றால் விதியைத் தூக்குவதற்குப் பதில் இப்படி மாற்றிப் பாருங்கள்.

இப்போது பாதியில் நிற்கிற சண்டைக்கு. ஓடுங்கள். கதவைச் சாத்துங்கள், பாலத்தைக் கொளுத்துங்கள், எப்படியாவது அன்றைய இரவைத் தாண்டுங்கள். 3.5-இல் அந்த 10 கழிவது அவன் ஓநாயாகவோ பாதி ஓநாயாகவோ இருக்கும்போது மட்டும்தான். மனித உருவில் இருக்கும்போது உங்கள் சாதாரண வாளே போதும். அதுவும் பிறவியிலேயே அப்படி இருப்பவனுக்குத்தான் 10. கடிபட்டு ஓநாய் ஆனவன் என்றால் 5தான் கழியும். உங்களிடம் சிக்கியவன் பிறவி ஓநாய் என்றால் அவனுக்கு அப்பா அம்மா இருப்பார்கள், அண்ணன் தம்பி இருப்பார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வாளை உறையில் போட்டுவிட்டு, அந்த ஊரில் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரியுங்கள். என்ன தெரியவந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்
காரைக்குடி