சம்பவம் நடந்த அன்று என்ன வயது? இளஞ்சிறார் வழக்குகள் பற்றிய கேள்வி பதில்

இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் இலவச சட்ட உதவி வழக்குகள் நடத்துகிறேன். பெற்றோர் அனுப்பியிருந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அடிதடி நடந்தபோது என் மகனுக்கு 18 முடிய ஒரு மாதம் இருந்தது. பிடித்தபோது 18 முடிந்துவிட்டது. பெரியவர்கள் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை அம்மா. பிடித்த நாளோ வழக்கு போட்ட நாளோ கணக்கில்லை, சம்பவம் நடந்த நாளில் இருந்த வயதுதான் கணக்கு. அன்று 18 முடியவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் குழுமம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது பையனுக்கு 20 ஆனாலும் குழுமமே தொடர்ந்து விசாரிக்கும். ஜாமீன் கிடைக்காவிட்டால் அவனைப் 'பாதுகாப்பு இடம்' என்று சட்டம் சொல்லும் இடத்தில் வைக்கலாம், ஜெயிலில் வைக்கக் கூடாது. இப்போது ஜெயிலில் இருந்தால் இன்றே மனு போடுங்கள். சம்பவத்தன்று சிறுவன் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், தீர்ப்பு முடிந்த பிறகும்கூட.

வயதுக்கான காகிதத்தை முதல் நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். இதை இன்னும் பல முறை சொல்லப் போகிறேன்.

எந்தக் காகிதம்? ஆதார் இருக்கிறது.

ஆதார் போதாது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. பலரும் டி.சி.யைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் இந்த வரிசையில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. பள்ளிக்குப் போய் பிறந்த தேதிச் சான்று என்றே கேட்டு வாங்குங்கள்.

15 வயதுப் பையன், செல்போன் திருட்டு. ராத்திரி ஸ்டேஷனில் வைத்துக்கொள்ளலாமா?

லாக்கப்பில் வைக்கவே கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதுபோன்ற சிறு குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆரும் போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பச் சூழல் அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். ஜாமீன்தான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெடும் என்று தோன்றினால் மட்டுமே மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். குழுமத்துக்குப் போகும்போது பிறந்த தேதிச் சான்று கையில் இருக்கட்டும்.

6 வயதுக் குழந்தை கல்லெறிந்து கண்ணாடியை உடைத்துவிட்டது. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

7 வயதுக்குக் கீழ் எதுவுமே குற்றமாகாது.

17 வயதுப் பையன், 16 வயதுப் பெண், இருவரும் விரும்பிப் போனார்கள். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கு. போக்சோ நீதிமன்றமா?

நேராக அங்கே போகாது. குற்றம் சாட்டப்பட்டவர் சிறுவர் என்றால் இளைஞர் நீதிச் சட்டப்படிதான் நடத்த வேண்டும் என்று போக்சோ சட்டமே சொல்கிறது. ஆனால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 18-க்குக் கீழே சம்மதம் செல்லாது. உடலுறவு நடந்ததாக வழக்கு இருந்தால் குறைந்தபட்ச தண்டனையே 10 ஆண்டு. அதனால் இது கொடுங்குற்ற வகையில் வந்துவிடும், 16 முடிந்த பையனுக்கு முதல்நிலை மதிப்பீடு உண்டு, அதாவது பெரியவராக விசாரிக்கலாமா என்று குழுமம் பார்க்கும் (அடுத்த பதிலில் விவரம்). அன்றைக்கே வழக்கறிஞர் வேண்டும். பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும்.

கொலை செய்தவன் 17 வயது என்றால் மூன்று வருடத்தில் விட்டுவிடுவீர்களா?

2012 டெல்லி நிர்பயா வழக்கில் குற்றவாளிகளில் ஒருவனுக்கு 18 முடியவில்லை. அதற்குப் பிறகு நாடே கேட்ட கேள்வி இது, 2015-ல் சட்டம் மாறியதும் அதனால்தான். குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தை 16 முடிந்தவர் செய்ததாக வழக்கு வந்தால் குழுமம் மூன்று விஷயங்களைப் பார்க்கும்: அதைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது. பிறகு வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். பெரியவராக விசாரிக்க வேண்டுமா என்று அந்த நீதிமன்றமும் தனியாக முடிவு செய்யும். தண்டித்தாலும் 21 வயது வரை ஜெயில் கிடையாது. 21-ல் திருந்தியிருக்கிறானா என்று பார்த்து, இல்லையென்றால் மீதிக் காலம் ஜெயில். தூக்கு இல்லை, வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனையும் இல்லை.

அதே நபர்: அப்படியானால் 15 வயதுக்காரன் செய்தால்? செத்தவர் குடும்பத்துக்கு என்ன பதில்?

15 என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம்தான், மறைக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் 15 வயதுப் பையனைப் பழகிய கைதிகள் நடுவே பத்து வருடம் போட்டுவைத்தால் 25 வயதில் யாராக வெளியே வருவான்? அவன் திரும்பி வரப்போவது நம் தெருவுக்குத்தான்.

அதே நபர்: எல்லோரும் வயதைக் குறைத்துச் சொல்லித் தப்பிக்கிறார்கள்.

அதற்காகத்தான் 94-வது பிரிவின் வரிசை. நான் அதிகம் பார்த்தது இதற்கு நேர் எதிரானது. 17 வயதுப் பையனுக்கு ஸ்டேஷனில் 19 என்று எழுதிவிடுவார்கள், காகிதம் கொடுக்க ஆள் இல்லாமல் அவன் பெரியவர்களோடு ஜெயிலுக்குப் போய்விடுவான். அப்புறம் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. ஐந்து முடியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தேதியை முன்னால் தள்ளி எழுதினோமே, அந்தத் தேதி இங்கே வந்து நிற்கிறது. பிறப்புச் சான்றில் 17, பள்ளிச் சான்றில் 18 என்றால் சட்டத்தின் வரிசையில் பள்ளிச் சான்றுதான் முன்னே. ஒரு வருடம் கூட்டி எழுதியதற்காக ஒரு பையன் குழுமத்தையே இழக்கலாம். தப்பிக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது இப்படி மாட்டிக்கொள்கிறவர்களையும் நினையுங்கள்.

ஆதாரில் 17 என்று இருக்கிறது, அது போதுமா?

மேலே எழுதிவிட்டேன். போதாது. பள்ளிக்குப் போங்கள்.

16 வயது மகன் என் பைக்கில் இடித்துவிட்டான். வழக்கு அவன் மேலா, என் மேலா?

இருவர் மேலும், வெவ்வேறு இடத்தில். அவன் குழுமத்தின் முன், நீங்கள் சாதாரண நீதிமன்றத்தில். வண்டி கொடுத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

விவாகரத்தில் குழந்தை யாரிடம் இருக்கும்?

அது குடும்ப நல நீதிமன்ற விஷயம். அங்கே வழக்கு நடத்தும் ஒருவரைப் பாருங்கள்.

என் தம்பி 16 வயதில் ஒரு திருட்டு வழக்கில் குழுமம் வரை போனான். இப்போது அரசு வேலைக்கு எழுதுகிறான். பாதிக்குமா?

24-வது பிரிவுப்படி அந்த முடிவு அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் கொண்டுவராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு பதிவுகளை அழிக்கவும் சட்டம் சொல்கிறது. 16 தாண்டி, பெரியவராக விசாரித்துக் குற்றம் உறுதியானவர்களுக்குத்தான் இது பொருந்தாது. குழுமத்தில் மனு போட்டு இறுதி உத்தரவின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்வி இருந்தால், நிரப்பும் முன் உத்தரவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.