தறிக் கணக்கும் தடயக் கணக்கும்: நூலைப் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: எங்கள் விசைத்தறி நிமிஷத்துக்கு 140 பிக் (குறுக்கே போடும் ஊடை இழை) ஓடுகிறது. துணி அங்குலத்துக்கு 52 பிக். 12 மணி நேர ஷிப்டில் எத்தனை மீட்டர் இறங்க வேண்டும்? ஓனர் கணக்கும் என் கணக்கும் ஒத்துவரவில்லை.

பதில்: 140ஐ 60ஆல் பெருக்கினால் மணிக்கு 8,400 பிக். 52ஆல் வகுத்தால் 161.5 அங்குலம். மீட்டருக்கு 39.37 அங்குலம் என்பதால் 4.1 மீட்டர். தறி ஒரு நொடியும் நிற்காமல் ஓடினால்தான் இது. 80 சதவீத எஃபிஷியன்சி, அதாவது ஷிப்டில் 80 சதவீத நேரம்தான் தறி ஓடியது என்றால் மணிக்கு 3.28, ஷிப்டுக்கு 39.4 மீட்டர்.

கணக்கு உதைப்பது பெரும்பாலும் பிக்கில்தான். தறியில் துணி இழுபட்டு நிற்கிறது. இறக்கி ஒரு ராத்திரி மேஜையில் சும்மா விரித்துவையுங்கள். காலையில் பிக் கிளாஸை (இழை எண்ணும் பூதக்கண்ணாடி) வைத்தால் 52 இருந்த இடத்தில் 54 இருக்கலாம். அப்படியானால் உங்கள் 39.4 மீட்டர் 37.9 ஆகிவிடும். நீங்கள் ஓட்டிய பிக் ஒன்றுகூடக் குறையவில்லை, துணிதான் சுருங்கியிருக்கிறது. அதற்காக நெய்தவர் கூலியைப் பிடிப்பது நியாயமே இல்லை. எந்த நிலையில் எண்ணிய பிக் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். எண்ணும்போது கரையை விட்டுத் தள்ளி, மூன்று இடத்தில் எண்ணுங்கள்.

கேள்வி: நூல் அதிகம் அறுபடுவதில்லை. ஆனாலும் எஃபிஷியன்சி 90 சதவீதம் தாண்ட முடியவில்லை. ஏன்?

பதில்: தார் மாற்றும் நேரத்தைப் பாருங்கள். குறுக்கே ஓடும் நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றி வைக்கும் குழல்தான் தார். 20ஆம் நம்பர் ஊடை, ஒரு தாரில் 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 20ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளச் சிட்டம் (நூல் கட்டு) 20 இருக்கும். அந்தக் கணக்கில் 25 கிராமுக்கு 847 மீட்டர் நூல். 50 அங்குல அகலத்தில் அது 667 பிக்குக்குத்தான் வரும். 140 வேகத்தில் ஐந்து நிமிஷம்கூட நிற்காது. ஒவ்வொரு முறையும் நாடாவை எடுத்துத் தார் மாற்றி ஓட்ட 15 நொடி ஆனால், அதிலேயே 5 சதவீதம் போய்விட்டது. ஒரே ஆள் நாலைந்து தறி பார்க்கும் பட்டறையில், அடுத்த தறியும் அதே நேரம் நின்றால் 15 நொடி ஒரு நிமிஷம் ஆகும். இதை ஆளின் சோம்பல் என்று எழுதிவைப்பது தப்பு. ஒரு மணி நேரம் கடிகாரத்தோடு தறிப் பக்கத்தில் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: தடய அறிவியல் படிக்கும் மாணவி நான். ஒரு துண்டு நூலை வைத்துக் குற்றவாளி இவர்தான் என்று சொல்ல முடியுமா?

பதில்: நூலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பொருள் உரசினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது ஒட்டும் என்பது எட்மண்ட் லொகார்டின் கொள்கை. 1910இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆய்வுக்கூடம் தொடங்கியவர். ஆனால் ஒட்டியது எவ்வளவு அரிது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. வெள்ளைப் பருத்தி இழை எல்லார் சட்டையிலும் கிடைக்கும். அட்லாண்டாவில் 1982இல் வெய்ன் வில்லியம்ஸ் தண்டிக்கப்பட்ட கொலை வழக்கில், இறந்தவர்கள் மீது கிடைத்த, அவர் வீட்டுக் கம்பளத்தோடு ஒத்த பச்சை இழையின் குறுக்குவெட்டு வழக்கத்துக்கு மாறாக இருந்தது. அதனால்தான் அது எடுபட்டது.

கிழிந்த துணித் துண்டு கிடைத்தால் வலு அதிகம். நூல் நம்பர், முறுக்கு இடமா வலமா, அங்குலத்துக்கு எத்தனை பாவு (நீளவாட்டு இழை), எத்தனை பிக் என்று எண்ணி, கிழிந்த ஓரங்களை இழைக்கு இழை பொருத்திப் பார்ப்பார்கள். கூலிக்கு எண்ணும் அதே எண்ணிக்கைதான்.

கேள்வி: எரித்துப் பார்த்தாலே பருத்தியா பாலியெஸ்டரா என்று தெரியுமே?

பதில்: தெரியும். பருத்தியில் காகிதம் எரியும் வாடை வரும், பட்டில் முடி கருகும் வாடை. பாலியெஸ்டர் உருகி மணியாகும். கடையில் செய்யலாம். தடயமாக வந்தது ஒரே ஒரு இழை என்றால் எரித்தபின் கோர்ட்டில் காட்ட எதுவும் மிஞ்சாது. அதனால் முதலில் மைக்ராஸ்கோப்தான்.

கேள்வி: ரத்தம் பட்ட ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் போடலாமா?

பதில்: கூடாது. ஈரம் அடைபட்டால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெட்டுவிடும். சுத்தமான இடத்தில் நிழலில் காற்றாட உலர்த்தி, மடிப்புக்கு நடுவே காகிதம் வைத்து, காகிதப் பையில் போடுங்கள். உதறவே உதறாதீர்கள்.