கோபுரத்தை யார் தள்ளுவது?

கேள்வி: போன இதழில் ‘சிவல்ரி 2’ என்ற வாள்சண்டை ஆன்லைன் கேமைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். நம்பி வாங்கினேன். கதை கிடையாது, வரலாறு கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு பட்டனைக் குத்தினாலே நாலு பேர் சாகிறார்கள். கூச்சலைத் தவிர இதில் என்ன இருக்கிறது? நிறை குறை இரண்டையும் சொல்லியிருக்க வேண்டாமா? (கல்லூரி மாணவர், திருப்பூர்)

பதில்: இரண்டு வரிக்குள் இரண்டையும் எங்கே அடைப்பது? இன்று இடம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன குறைகளில் ஒன்றுகூட அந்த கேமின் உண்மையான குறை இல்லை.

வரலாறு இல்லை என்கிறீர்கள். அகாதா, மேசன் என்று அதில் மோதும் இரண்டு படைகளும் எந்த நாட்டு வரைபடத்திலும் கிடையாது. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் டோர்ன் பேனர் ஸ்டூடியோ உட்கார்ந்து கற்பனை செய்தவை. அங்கே போய் வரலாறு தேடுவானேன்? அது வேண்டுமென்றால் 1403ஆம் ஆண்டின் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) நடக்கும் ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ இருக்கிறது. சாப்பிடாவிட்டால் அதில் பசிக்கும், குளிக்காவிட்டால் ஊரார் முகம் சுளிப்பார்கள். கதையும் வண்டி வண்டியாக உண்டு.

வரலாற்றை வைத்துத்தான் மடக்க வேண்டுமென்றால் கவசத்தைப் பிடித்திருக்கலாம், விட்டுவிட்டீர்கள். முழுத் தகட்டுக் கவசம் போட்டவனை வாளால் வெட்டிப் பிளக்க முடியாது. அதனால்தான் 15ஆம் நூற்றாண்டு வீரர்கள் ஒரு கையால் தங்கள் வாளின் அலகையே பிடித்துக்கொண்டு, கவசத்தின் இடுக்கு பார்த்துக் குத்தினார்கள். இல்லாவிட்டால் போர்ச்சுத்தியலைத் தூக்கினார்கள். சிவல்ரியிலோ கவசக்காரனின் கை வாழைத்தண்டு மாதிரி துண்டாகிறது. சுத்தியல், கதாயுதம் போன்ற ஆயுதங்கள் கனத்த கவசக்காரனுக்குக் கூடுதல் சேதம் செய்யும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதோடு சரி. கேம் என்ற வகையில் அது நல்ல முடிவுதான். நிஜம்போல் வைத்தால் ஒவ்வொரு சண்டையும் இரண்டு பேர் சேற்றில் கட்டிப் புரள்வதில்தான் முடியும். அதை யார் காசு கொடுத்து ஆடுவது?

அடுத்து, பட்டன் குத்துவது. 64 பேர் மோதும் கூட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு வீசினால் நாலு பேர் மேல் படத்தான் செய்யும். அதில் ஒருவன் உங்கள் கட்சிக்காரனாக இருப்பான். சொந்த ஆளுக்கும் அடி விழும் என்பதைக் கவனித்தீர்களா? கூட்டத்தை விட்டு ஒதுங்கி, விவரம் தெரிந்த ஒருவன் முன்னால் தனியாக நின்று பாருங்கள். அவன் மேலிருந்து வெட்ட வருகிறான் என்று வையுங்கள். அடி விழுவதற்குச் சற்று முன் தடுப்போடு சேர்த்து நீங்களும் மேலிருந்தே வெட்டினால் அவன் வெட்டு தடுபடும், உங்களுடையது தொடரும். குத்துக்குக் குத்து, பக்கவாட்டு வீச்சுக்கு அதே வீச்சு. இது தெரிந்தவன் சும்மா இருப்பானா? மேலே ஓங்குவதுபோல் காட்டிப் பாதியில் நிறுத்திவிட்டுக் குத்துவான். அல்லது வீசும்போதே உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பி, வாள் ஒரு கணம் தாமதமாக வந்து சேரும்படி இழுப்பான். நீங்கள் அவசரப்பட்டு எதிர்வெட்டைப் போட்டு முடித்த பிறகு அவன் வாள் வந்து இறங்கும். தடுத்துக்கொண்டே நின்றாலும் பிழைக்க முடியாது. ஸ்டாமினா, அதாவது தெம்பு, கரையும், நடுவே ஓர் உதை விழும். இத்தனையும் மேல்வெட்டு, பக்கவீச்சு, குத்து என்ற மூன்று வகை அடி, ஒரு தடுப்பு, ஓர் உதை, ஒரு சின்ன இடியை வைத்துக்கொண்டு. என் கண்ணில் இந்த கேமின் பெரிய பலமே இதுதான்.

இந்த நிலைக்கு அவர்கள் சும்மா வந்துவிடவில்லை. 2007இல் ‘ஹாஃப் லைஃப் 2’ என்ற வேறொரு கேமின் மேல் கட்டிய இலவச மாட் (மாற்று வடிவம்) ஆகத் தொடங்கி, 2012இல் தனி கேமாக வந்தது முதல் சிவல்ரி. அதில் கில்லாடிகள் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக வாளை இறக்குவார்கள். போர்க்களமா, பம்பர ஆட்டமா என்று தெரியாது. 2021இல் வந்த இரண்டாவதில் வீசும்போது எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள். கூத்து அடங்கியது.

கோமாளித்தனத்தை மட்டும் கைவைக்காமல் விட்டார்கள். கை போனாலும் இன்னொரு கையோடு கொஞ்ச நேரம் சண்டை போடலாம். கையில் கிடைத்த முட்டைக்கோஸ், கோழி, வெட்டுண்ட தலை எதையும் வீசலாம். அலறுவதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. நீங்கள் கூச்சல் என்று குறையாகச் சொன்னது அதைத்தான். எனக்கு அது பிடிக்கிறது.

சரி, உண்மையான குறைக்கு வருவோம். ருட்ஹெல்ம் முற்றுகை என்ற போர்க்கள மேப்பில் தாக்குபவர்கள் மரக்கோபுரங்களை மதில் வரை தள்ள வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் கோபுரம் நகரும். நடப்பது என்ன? கோபுரம் நட்டநடுவே அனாதையாக நிற்கும். தாக்கும் படையில் பாதிப் பேர் நாற்பது அடி தள்ளி, ஸ்கோர்போர்டில் தலைக்கணக்கு ஏற்றுவதற்காக வெட்டிக்கொண்டிருப்பார்கள். தோற்றபின் சாட்டில் ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். கூட்டத்தின் குஷியை நம்பிக் கட்டிய கேம், கூட்டத்தை வேலை வாங்கத் தெரியாமல் விழிக்கிறது.

மேலே நான் விவரித்த அந்த நுணுக்கங்களையும் அது சரியாகக் கற்றுத்தருவதில்லை. பயிற்சிப் பகுதி அரிச்சுவடியோடு முடிகிறது. கணினியே ஆட்டிவைக்கும் பாட் எதிரிகளோடு ஆடலாம், ஆனால் அவை மனிதனைப்போல் ஏமாற்றாது. ஆக, புதிதாக வருபவன் ஒன்று உங்களைப்போல் ‘பட்டன் குத்தும் கேம்’ என்று முடிவு கட்டுகிறான், அல்லது பழைய புலிகளிடம் அடிபட்டே கற்கிறான். ஆள் குறையக் குறைய சர்வரில் புலிகள் மட்டும் மிஞ்சுவார்கள். தனியாக ஆடக் கதையும் இல்லாத கேமுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஸ்டூடியோவோ அடுத்த வேலைக்குப் போய்விட்டது. 2024 அக்டோபரில் அவர்களுடைய ஜாம்பி கேம் ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுதாக முடியும் முன்பே, விற்பனைக்கு வந்தது. நம் ஊரிலிருந்து தூரத்து சர்வரில் ஆடினால் பிங், அதாவது இணையத் தாமதம், வேறு. கண்ணுக்குத் தெரியும் வாளும் மேலே படும் வாளும் ஒன்றாக இருக்காது.

கதை இல்லாததுதான் உங்களுக்கு வலிக்கிறதென்றால் இதை அழித்துவிட்டு வேறு கேம் ஏற்றுங்கள். இல்லையென்றால் கூட்டத்தை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் மோதும் ஒரு டூயல் சர்வரில் நாலு மாலை அடிவாங்கிப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள். இன்னும் வாங்காத நண்பர்கள் தள்ளுபடிக்குக் காத்திருக்கட்டும், முழு விலை இப்போது வேண்டாம். நிஜக் காசு கொடுத்து ‘கிரவுன்’ என்ற கேம் நாணயத்தை வாங்கச் சொல்லி, கேமின் கடைப் பக்கம் கண்ணடிக்கும். அதில் காசைக் கொட்டாதீர்கள். அதில் சட்டையும் தலைக்கவசமும்தான் மாறும், விழுகிற அடி அதேதான்.