கல் தூளுக்குப் பதிலாகச் சாம்பல், மார்பிள் தூள் போன்ற கழிவுகளைத் தார்ச்சாலைக் கலவையில் போடலாமா? பிளாஸ்டிக்கும் இதே வகைதானா?

தாராளமாகப் போடலாம். ஆனால் எந்தக் கழிவாக இருந்தாலும் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்த பிறகுதான். தார்க்கலவை பிளாண்ட் ஒன்றின் ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கலவையில் போடும் இந்தத் தூளை ஃபில்லர் என்போம். ஜல்லி இடுக்குகளை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். 0.075 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் அந்தத் தூள், சூடான தாரோடு கலந்து கெட்டியான பசையாகிவிடுகிறது. ஜல்லியைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பசைதான். மேலடுக்குக் கலவையின் எடையில் தார் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். தூளும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக, தூளை மாற்றினால் பசையே மாறிவிடும்.

கழிவுகளில் மார்பிள் தூள் எனக்குப் பிடித்தது. அது சுண்ணாம்புக்கல் இனம், தாருக்கோ லேசான அமிலத்தன்மை, அதனால் நன்றாக ஒட்டும். கண்ணாடித் தூள் பெரும்பாலும் சிலிக்கா. தண்ணீர் ஏறினால் தார் அதை விட்டுக் கழன்றுவிடும். கூடவே கொஞ்சம் நீற்றுச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வேகாத களிமண் கலந்த செங்கல் தூள் வேண்டவே வேண்டாம்.

அனல் மின் நிலையச் சாம்பலில்தான் நாங்கள் பாடம் படித்தோம். அது கல் தூளைவிட லேசானது. ஒரே எடைக்கு அதிக இடம் பிடிக்கும், துகள்களுக்கு நடுவே தாரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இதை யோசிக்காமல் கல் தூள் எடைக்குச் சமமாகச் சாம்பலைப் போட்டு, தார் அளவை மாற்றாமல் ஓட்டினோம். கலவை பளபளப்பே இல்லாமல் வறண்டு வந்தது. ரோலர் எத்தனை முறை ஓடியும் இறுகவில்லை. விரித்ததையெல்லாம் சுரண்டி எடுத்தோம். அப்புறம் சாம்பலைப் பாதியாகக் குறைத்து, மார்ஷல் சோதனையை (கலவை மாதிரி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்ப்பது) முதலிலிருந்து செய்து தார் அளவை முடிவு செய்தோம். அதற்குப் பிறகு கலவை சரியாக வந்தது.

மார்ஷல் எண் அதிகமாக வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பசை விறைத்துப்போனாலும் அந்த எண் ஏறும். தண்ணீரில் ஊறிய மாதிரியின் இழுவிசை வலிமை, ஊறாததில் 80 சதவீதமாவது நிற்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மழைக்கு அதுதான் முக்கியம்.

பிளாஸ்டிக் வேறு கதை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறையில், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் தூவுவார்கள். அது உருகி ஜல்லிக்கு மேல்பூச்சாகும். அதன்மேல்தான் தார் சேரும். அங்கேயும் ஃபில்லர் தூள் தனியாக வேண்டும்.