மலை ஏறினால் கடகடக்கும் பத்மினி

கேள்வி: அப்பா 1978-இல் வாங்கிய பிரீமியர் பத்மினியை இன்னும் ஓட்டுகிறேன். கை கியர் வண்டி. கொடைக்கானல் மலை ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜினுக்குள் கடகடவென்று சத்தம் வருகிறது. சமதளத்தில் வருவதில்லை. போன வருடம் சூடேறி, இன்ஜின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு போய்விட்டது. ஹெட்டை லேத்தில் சீவி மாட்டினோம். "எல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்கிற வேலை" என்கிறார் மெக்கானிக். 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சரியாகுமா?
– வாசகர், வத்தலக்குண்டு

பதில்: பித்தளைச் சொம்பில் நாலு கொட்டைப்பாக்கைப் போட்டு உருட்டினது போலக் கேட்கிறதா? அதுதான் நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடுகிறது. அப்படி வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்தான் ஆக்டேன். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் தலை அரித்துப்போகும், கேஸ்கட் மறுபடி போகும். அதனால் அடுத்த மலைப் பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: ஹெட்டைச் சீவினோம் என்பது. சீவினால் எரியும் அறை சிறிதாகும், கம்ப்ரஷன், அதாவது கலவை நசுங்கும் அளவு, ஏறும். பழைய டைமிங்கிலேயே, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை மாற்றாமலே, வண்டியைப் பூட்டியிருந்தால் மலையில் கடகடக்கத்தான் செய்யும். எவ்வளவு எடுத்தார்கள் என்று லேத்காரரிடம் கேளுங்கள். நிறைய எடுத்திருந்தால் தடிமனான கேஸ்கட் போட வேண்டியிருக்கும்.

பெட்ரோலைத் திட்டுவதில் பாதிதான் நியாயம். உங்கள் கார் வந்த காலத்துச் சாதாரண பெட்ரோல் 90 ஆக்டேனைக்கூடத் தொட்டதில்லை. அதுவும் நாக்கிங்கைத் தடுக்க ஈயம் கலந்தும். அதற்கே ஓடிய வண்டி இது. 2000 பிப்ரவரியோடு ஈயம் போய்விட்டது. எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கிற பொருள். அதன் ஆக்டேன் 100-க்கு மேல். ஆனால் இன்னொரு வழியில் அது தொல்லை கொடுக்கும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று போதும் என்று கணக்குப் போட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்புரேட்டருக்கு ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வைத்தார்கள். 20 சதவீதம் எத்தனால் சேர்ந்தால் தேவைப்படும் காற்று ஏறக்குறைய 13.5 கிலோதான். ஜெட் மாறவில்லை, அதனால் காற்று மிஞ்சிக் கலவை மெலிந்துவிடுகிறது. மெலிந்தால் இன்ஜின் சூடு, சூடு ஏறினால் நாக்கிங். போதாததற்கு, டேங்க் அடியில் நாற்பது வருடமாகப் படிந்த கசடையும் எத்தனால் கிளப்பிக் கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கார்ப்புரேட்டரைச் சுத்தம் செய்து, மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக மாற்றச் சொல்லுங்கள். அப்படியே பெட்ரோல் பம்ப்பின் டயாபிரத்தையும் ரப்பர் டியூப்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள்.

அப்புறம் டைமிங். பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், திறந்து மூடும் பாயிண்டுகளின் இடைவெளியை (கேப்) முதலில் சரிசெய்யுங்கள். கேப் மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப்பைத் தளர்த்தி, உள்ளே சுழலும் ரோட்டர் சுற்றும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை ஒரு நூல் திருப்பி இறுக்குங்கள். ஸ்பார்க் கொஞ்சம் தாமதமாக விழும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பாருங்கள். ஒரு நொடி லேசாக 'டிக் டிக்' என்று கேட்டு நின்றுவிட்டால் அதுதான் சரியான இடம். சத்தம் தொடர்ந்தால் இன்னும் ஒரு நூல். அளவு மீறித் தள்ளிவிடாதீர்கள். வண்டி இழுக்காது, சைலன்சர் பக்கம் சூடேறும். எவ்வளவு திருப்பியும் அடங்கவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அட்வான்ஸ் ஸ்பிரிங் தொய்ந்து, வேகத்தில் ஸ்பார்க்கை அளவுக்கு மீறி முந்த விடுகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலோர் பார்க்காமல் விடும் இடம் அது.

சில வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஓர் அம்பாசிடர் வந்தது. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வந்த வண்டி. இதே சத்தம். இரண்டு இடங்களில் டைமிங் வைத்துப் பார்த்தும் போகவில்லை. ஹெட்டை இறக்கினேன், பிஸ்டன் மேல் தோசைக்கல் அடியில் படிவது போலக் கரி ஏடு ஏடாக இருந்தது. மரச்சீவலால் சுரண்டியே ஒரு பகல் போயிற்று. சுத்தம் செய்து பூட்டினேன், அதே பங்க் பெட்ரோலில் சத்தம் இல்லாமல் ஓடியது. உங்கள் ஹெட்டைப் போன வருடம்தான் கழற்றினீர்கள் என்பதால் உங்களுக்குக் கரி கடைசிச் சந்தேகம்தான்.

100 ஆக்டேன் போட்டால் சத்தம் அடங்கலாம். ஆனால் தவறான டைமிங்கை மறைக்க டேங்குக்கு டேங்க் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்னதையெல்லாம் பார்க்கும்வரை, ஏற்றத்தில் வண்டி திணறுவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் என் அம்பாசிடர் நாலைந்து தடவை உதறிவிட்டுத்தான் நிற்கிறது. இதுவும் நாக்கிங்தானா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. ஸ்பார்க்கே இல்லாதபோது, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டோ பிளக் முனையோ கலவையைப் பற்றவைக்கிறது. முதலில் ஐட்லிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை, குறையுங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் பிளக்கின் நம்பரைப் பாருங்கள், கம்பெனி சொன்னதைவிடச் சூடான ரகத்தை யாராவது மாட்டியிருக்கலாம்.