முதல் டிஎஸ்எல்ஆர்: 40,000 ரூபாயைக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் எப்படிப் பிரிப்பது?

வீட்டு விசேஷங்களையும் இரண்டு வயது மகளையும் படம் எடுப்பதற்காக 40,000 ரூபாய்க்குள் முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) வாங்க வேண்டும், எந்தக் கேமராவையும் எந்த லென்ஸையும் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவை முதலிலும் லென்ஸைப் பிறகும் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள்; நான் லென்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் தேவைக்கு எந்தப் படம் தேறும், எந்தப் படம் தேறாது என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கும்.

கேமராவுடன் சேர்த்துத் தரப்படும் 18-55 மிமீ கிட் லென்ஸில் (மிமீ எண் கூடக்கூடக் காட்சி நெருங்கும்), 55 மிமீ முனையில், ஒளியை உள்ளே விடும் துளை அதிகபட்சமாக எஃப்/5.6 வரைதான் திறக்கும்; எஃப் எண் சிறியதானால் துளை பெரிது. ஒரே ஒரு டியூப்லைட் எரியும் என் வீட்டுக் கூடத்தில், இரவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600 வைத்து எஃப்/5.6இல் எடுத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/20 வினாடிக்கு இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்கலாம். ஓடும் குழந்தையை எடுக்க முடியாது. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று கடையில் சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் ஈடுகட்டும், குழந்தையின் ஓட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. அதே இடத்தில் எஃப்/1.8 வரை திறக்கும் ஒரு பிரைம் லென்ஸை, அதாவது ஜூம் இல்லாத லென்ஸைப் பொருத்தினால் ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு ஒளி, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரை வந்தடையும். ஷட்டர் வேகத்தை 1/200 வினாடிக்கு அருகில் கொண்டுபோகலாம். இவ்வளவு பெரிய மாற்றத்தை, உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் எந்த இரண்டு பாடிகளுக்கு (லென்ஸ் நீங்கலான கேமராக்களுக்கு) இடையிலும் நீங்கள் காண மாட்டீர்கள்.

அப்படியானால் எந்த பிரைம் லென்ஸ்? இங்கேதான் நான் தவறினேன். முதல் லென்ஸாக 50 மிமீ வாங்குங்கள் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு நானும் அதையே வாங்கினேன், அக்கா மகளின் காதணி விழாவுக்கு எடுத்துச் சென்றேன், பத்தடி அகலமுள்ள கூடத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றும் தாய்மாமன் மடியில் இருந்த குழந்தையையும் அருகில் நின்ற ஆசாரியையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர முடியவில்லை. இதற்குக் காரணம் சென்சாரின் அளவு. பழைய ஃபிலிமின் அளவு 36×24 மிமீ. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் சென்சார் கேனானில் ஏறத்தாழ 22.3×14.9 மிமீ, நிக்கானில் 23.5×15.6 மிமீ. ஆகவே ஃபிலிம் காலத்தில் இயல்பான பார்வையாக இருந்த 50 மிமீ, இவற்றில் 75 அல்லது 80 மிமீ லென்ஸைப் போல நெருக்கிக் காட்டும்.

கணக்காகவே சொல்கிறேன். பத்தடி தூரத்தில் நின்று கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், கேனான் பாடியில் 50 மிமீ லென்ஸ் ஏறத்தாழ நாலரை அடி அகலமும் மூன்றடி உயரமும் கொண்ட பகுதியை மட்டும் பிடிக்கும். நிக்கானில் 35 மிமீ லென்ஸ் ஆறே முக்கால் அடி அகலத்தையும் நாலரை அடி உயரத்தையும் பிடிக்கும். கேனானில் 24 மிமீ போட்டால் ஒன்பதடிக்கு மேல் அகலம் கிடைக்கும். உங்கள் கூடத்தின் அகலத்தை ஒரு டேப் வைத்து அளந்துவிட்டு இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் நட்சத்திரக் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட அது பயன் தரும். இன்னொரு வழியும் உண்டு: முதல் மாதம் கிட் லென்ஸை மட்டும் வைத்து எடுங்கள், பிறகு நீங்கள் விரும்பிப் பாதுகாத்த படங்களின் விவரங்களைத் திறந்து அவை எந்தக் குவிய நீளத்தில் (எத்தனை மிமீயில்) எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். பெரும்பாலானவை 24க்கும் 35க்கும் நடுவில் இருந்தால் 50 மிமீ உங்களுக்கானதல்ல.

உங்கள் தேவை வீட்டுக்குள் குழந்தை என்பதால், என் முதல் பரிந்துரை நிக்கானின் டிஎக்ஸ் 35 மிமீ எஃப்/1.8ஜி லென்ஸ். 2009இல் வந்த இது இந்தச் சிறிய சென்சாருக்கென்றே செய்யப்பட்டது. பழைய சந்தையிலும் எளிதில் கிடைக்கிறது. கேனானில் இதற்கு நேர் இணையாக, இதே விலை மட்டத்தில், இதே துளை அளவில் ஒன்று இல்லை என்பதுதான் கேனான் பக்கத்தின் குறை. 2014இல் வந்த 24 மிமீ எஃப்/2.8 எஸ்டிஎம் தட்டையான, அழகான சிறிய லென்ஸ், ஆனால் எஃப்/5.6ஐ ஒப்பிட்டால் நான்கு மடங்கு ஒளிதான் தரும். 2015இல் வந்த 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம், முகங்களை மட்டும் எடுப்பவருக்கும், மொட்டை மாடி, கோயில் பிராகாரம் போன்ற திறந்த இடங்களில் எடுப்பவருக்கும் மிக நல்ல லென்ஸ்.

இனிப் பாடி. பயன்படுத்தப்பட்டதையே வாங்குங்கள். நிக்கானில் டி3400, டி3500, டி5600 ஆகியவற்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் போதும். கேனான் என்றால் 200டி. அதில் திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் விரைவாக அமைவதால், தரையில் தவழும் குழந்தையின் உயரத்துக்குக் கேமராவை இறக்கி, திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு எடுக்கலாம். இவை எல்லாமே 24 மெகாபிக்சல்; அந்தப் படத்தை 20 அங்குல அகலத்துக்குத் தரம் குறையாமல் அச்சிடலாம் என்பதால் மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

ஆனால் பாடியும் லென்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதில் சில பொறிகள் இருக்கின்றன. விற்பவர்கள் எல்லோரும் அவற்றைச் சொல்வதில்லை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. எனவே 50 மிமீ எஃப்/1.8டி போன்ற பழைய, மலிவான லென்ஸ்கள் அவற்றில் பொருந்தும், படமும் எடுக்கும், ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். ஓடும் குழந்தையிடம் அது நடக்காது. லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதன் குறி) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மோட்டார் உள்ள பாடி வேண்டுமென்றால் டி7100, டி7200 போன்றவற்றுக்குப் போக வேண்டும். அவை கனமானவை, ஆனாலும் உங்கள் விலைக்குள் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். இதற்கு எதிர்ப்பக்கமாக, வேறு வகை மோட்டாரை உள்ளே கொண்ட புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3100, டி3200, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் செய்யாது. கேனானில் மோட்டார் தொல்லை இல்லை; ஆனால் 1500டி, 3000டி ஆகியவற்றில் ஃபிளாஷ் பொருத்தும் இடத்தின் நடு முனை நீக்கப்பட்டிருப்பதால், மற்ற நிறுவனங்களின் மலிவான மேனுவல் ஃபிளாஷ்கள் (ஒளியின் அளவைக் கையால் அமைக்க வேண்டியவை) அவற்றில் எரியாது.

ஃபிளாஷை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளையடித்த கான்கிரீட் கூரை உள்ள வீடு என்றால், தலையைத் திருப்பக்கூடிய ஒரு சாதாரண ஃபிளாஷை மேல்நோக்கி அடித்தால் ஒளி கூரையில் பட்டு மென்மையாக இறங்கும். கிட் லென்ஸே கூடத்துக்குப் போதுமானதாகிவிடும். ஓட்டு வீட்டில் இந்த வித்தை பலிக்காது.

ஆகவே பணத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: பாதிக்குச் சற்று மேல் கிட் லென்ஸோடு கூடிய பழைய பாடிக்கு, கால் பங்கு அளவு பிரைம் லென்ஸுக்கு, மீதி ஒரு மேனுவல் ஃபிளாஷுக்கும் கூடுதல் பேட்டரிக்கும் மெமரி கார்டுக்கும். 70-300 மிமீ சேர்த்துத் தரும் இரட்டை லென்ஸ் தொகுப்பு வேண்டாம். கூடுதலாகச் சில ஆயிரத்துக்கு ஒரு பெரிய லென்ஸ் கிடைப்பதுபோலத் தோன்றும், ஆனால் வீட்டுக்குள் அதற்கு வேலை இல்லை. அவற்றில் அதிர்வுத் தடுப்பு இல்லாத வகையும் உண்டு.

டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டதே, மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கேமரா) வாங்கலாமே என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். முடிந்துகொண்டிருப்பது உண்மைதான், 2020இல் வந்த 1டிஎக்ஸ் மார்க் 3தான் தங்கள் கடைசி உயர்நிலை டிஎஸ்எல்ஆர் என்று கேனான் நிறுவனத்தின் தலைவரே 2021 இறுதியில் சொல்லிவிட்டார். ஆனால் பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால்தான் நல்ல பாடிகளும் லென்ஸ்களும் நம் விலைக்கு இறங்கி வருகின்றன. வீடியோதான் உங்கள் முதன்மையான நோக்கம் என்றால் மட்டும் என் பதில் வேறாக இருக்கும்.

பழையதை வாங்கும்போது பகல் வெளிச்சத்தில், அவசரப்படுத்தாதவரிடம் வாங்குங்கள். உங்கள் மெமரி கார்டையே போட்டு எடுத்துப் பாருங்கள். துளையை எஃப்/22க்குக் குறைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைத்துக்கொள்ளலாம், அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிக்கான் பாடி எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்பது அது எடுத்த படத்தின் தகவலிலேயே பதிவாகியிருக்கும். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். டி3500இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதால், முப்பதாயிரத்துக்குள் இருந்தால் நான் மகிழ்ச்சியாக வாங்குவேன். பெரும்பாலான கேனான் பாடிகளில் இந்த எண் படத்தில் பதிவாவதில்லை. கைப்பிடி ரப்பரின் தேய்மானத்தையும் பில்லில் உள்ள தேதியையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வாங்கிய பிறகு கேமராவைத் துணிப்பையோடு பீரோவுக்குள் வைத்துவிடாதீர்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் ஒரு மழைக்காலமே பூஞ்சை பிடிக்கப் போதும். உலர் அலமாரி எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். சமையலறையில் பருப்பு போட்டு வைக்கும், ரப்பர் வளையமுள்ள காற்றுப்புகா டப்பா ஒன்றும், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் இடமும், கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும் போதும். நீலநிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தை உறிஞ்சி முடித்துவிட்டன என்று பொருள். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு மீண்டும் டப்பாவுக்குள் போடுங்கள்.