வாங்கிவந்த முயல் மூலையை விட்டு வரவில்லை, மாற்றலாமா?

கேள்வி: போன கிழமை மகளுக்காக ஒரு முயல்குட்டி வாங்கினோம். கடையில் நன்றாகத் துள்ளியது. வீட்டுக்கு வந்ததிலிருந்து கூட்டின் மூலையிலேயே பதுங்கிக் கிடக்கிறது. கை வைத்தால் பாய்கிறது, இரவில் பின்காலால் ‘டொம்’ என்று அடிக்கிறது. இன்னும் கொஞ்சம் காசு போட்டால் வேறு குட்டி தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். மாற்றலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: வேண்டாம். அடுத்த குட்டியும் அதே மூலையில்தான் போய் உட்காரும், உங்கள் காசுதான் போகும். கடையில் அது மற்றக் குட்டிகளோடு ஒட்டிக் கிடந்திருக்கும். இங்கே தனி.

முயல், மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. மேலேயிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவதும் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. அதனால் முகத்துக்கு நேரே கையை நீட்டாமல், பக்கவாட்டில், தாழ்வாகக் கொண்டுபோங்கள். மகளைத் தூக்கவே விடாதீர்கள், காதைப் பிடித்து அறவே கூடாது. பயத்தில் உதறினால் முதுகெலும்பே முறியலாம். கூட்டுக்குப் பக்கத்தில் அறுகம்புல்லோடு சும்மா இருக்கச் சொல்லுங்கள். ஒருநாள் அதுவாக வந்து விரலை மோந்து பார்க்கும்.

காலால் அடிப்பது கோபமில்லை, ‘ஆபத்து’ என்ற எச்சரிக்கை. இரவில் வளவுக்குள் பூனை வருகிறதா பாருங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி உள்ளே வையுங்கள். அப்புறம், கூடு தகரக் கூரையின் கீழ் இருக்கிறதா? முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. கச்சான் காற்று அனலாய் வீசும் நாட்களில் 30 பாகை தாண்டினாலே அதற்கு ஆபத்து. நிழலான விறாந்தைக்கு மாற்றுங்கள்.

தீனியையும் திடீரென மாற்றாதீர்கள். கடையில் கொடுத்ததையே கொடுத்து, புல்லை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கரட் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

பயந்த முயலும் ஆளில்லாத நேரத்தில் தின்னும். காலையில் கூட்டைப் பாருங்கள்: உருண்டையான புழுக்கை நிறையக் கிடந்தால் சரி. அரை நாளாகத் தின்னவுமில்லை, புழுக்கையுமில்லை என்றால் அது பயமல்ல. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மூக்கு ஒழுகினாலும், பல்லைச் சத்தமாக நறநறத்தாலும் அப்படித்தான்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: தாயிடமிருந்து பிரித்தபோது குட்டிக்கு எத்தனை கிழமை? எட்டுக் கிழமையாவது ஆகியிருக்க வேண்டும். அதையும் வாங்கிய திகதியையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.